குங்கிலியம் பூசிய பெட்ரோல் தொட்டி

நடுத்தண்ணீரில் நின்றுபோன படகிலிருந்து இறங்கி, காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியே நடந்திருக்க வேண்டுமா, அல்லது படகிலேயே உட்கார்ந்திருந்தது சரியா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஒரு நாள், நடந்திருக்கலாம் என்று தோன்றும். மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, நடந்திருந்தால் இவனே இருந்திருக்க மாட்டான் என்று தோன்றும். கேட்டவர்கள் எல்லோரும் எனக்கு ஆறுதலாகத்தான் பதில் சொல்கிறார்கள். அதனாலேயே அந்தப் பதில்களை என்னால் நம்ப முடியவில்லை.

என் பிறந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியைப் பயிற்சி முடித்தேன். வேலைக்குப் போகும் முன்பே கல்யாணம் ஆகிவிட்டது. என் கணவர் முதலில் கம்பத்தில் லாரி ஓட்டினார். பிறகு மலைமேல், பெரியாறு ஏரிக்கு அக்கரையில் இருந்த ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மோட்டார் படகு ஓட்டும் வேலை கிடைத்தது. அந்த எஸ்டேட்டுக்கு வண்டிப் பாதை கிடையாது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், ஆள் எல்லாம் அந்தப் படகில்தான் வர வேண்டும். மரப் படகு அது. எஸ்டேட் துரை ஒரு பழைய காரின் இஞ்சினைக் கழற்றி அதில் பொருத்தியிருந்தார். முன் பலகைக்குக் கீழே தகரத்தால் செய்த பெட்ரோல் தொட்டி இருந்தது. தொட்டியிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் இஞ்சினுக்குப் போகும். எனக்கு இவ்வளவுதான் அப்போது தெரியும்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தோ கூப்பனுக்கும் கிடைப்பதில்லை. எங்கள் மகனுக்கு அப்போது பத்து மாதம். மலைக்காய்ச்சல் அவனுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வரும்போது குளிரில் உதறுவான், பிறகு கொதிப்பான், பிறகு வேர்த்து விட்டுவிடும். நான் அதற்குப் பழகிப்போயிருந்தேன் என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த முறை வேர்க்கவில்லை. பால் குடித்ததை எல்லாம் கக்கினான். விடிந்தபோது கண் பாதி திறந்தபடி இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்தார். மருந்துச் சீசாவைக் கவிழ்த்துக் காட்டினார். "ஒரு பொட்டுத் தூள் இல்லம்மா. கம்பத்துல டாக்டர்கிட்ட ஊசி மருந்து இருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள பொறப்படுங்க. இது சாதாக் காய்ச்சல் இல்ல" என்றார்.

படகுத்துறைக்குப் போனபோது எஸ்டேட் ஆசாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். ஆணி வாங்கக் கம்பம் போகிறவர். கூடலூர்க்காரர்தான், ஆனால் பாதி ஆயுளை மலையாளத்துப் பக்கம் கழித்தவர். அந்தப் படகின் பலகைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"என்ன டைவரே, வள்ளத்துக்குள்ள பெட்ரோல் கடை வச்சிருக்கீகளா? மூக்கு எரியுது" என்றார்.

"அந்தப் பீடியத் தூர எறிஞ்சுட்டுப் பேசுங்க" என்றார் என் கணவர். அவர் முகம் மாறியிருந்தது. முன் பலகையைத் தூக்கினார். அடியில் தேங்கியிருந்த தண்ணீர்மேல் மயில் கழுத்து நிறத்தில் எண்ணெய் மிதந்தது.

"டேங்க் ஒழுகுதா?" என்றேன்.

"ஏதோ ஒழுகுது. எதுன்னு பாக்கணும்."

முதலில் அவர் குழாய் தொட்டியோடு சேரும் இடத்தைச் சந்தேகப்பட்டார். ஸ்பானரால் மரையை இறுக்கி, துணியால் துடைத்து, விரலை வைத்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. திறந்து மூடும் பித்தளைத் திருகுக் குழாயைப் பார்த்தார். அதுவும் காய்ந்திருந்தது. தொட்டிக்கு அடியில் கையை விட்டபோது கை நனைந்து வந்தது. ஓட்டை அடியில்தான் இருக்கிறதே, அதை அடைக்க வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன்.

"சொட்டுற எடம் ஓட்ட இல்ல" என்றார் அவர். "எங்கனயோ கசிஞ்சு, தகரத்தோட ஓடிவந்து, தாழ்வா இருக்குற எடத்துல சொட்டுது."

தொட்டியைக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றி, ஆசாரியும் அவருமாக அதை ஒரு பக்கம் சாய்த்தார்கள். துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். பெட்ரோல் துடைத்த மறு நிமிஷமே காற்றில் காய்ந்துவிடுகிறது. எங்கே இருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"காஞ்ச பொடி ஏதாச்சும் இருந்தாத் தூவிப் பாக்கலாம். ஈரம் பட்ட எடம் கறுத்துக் காட்டும்" என்றார் ஆசாரி.

என் பையில் பிள்ளையின் நெற்றிக்கு வைக்க என் மாமியார் ஓடைப்பட்டியிலிருந்து கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. எடுக்கக் கை போனது, பிறகு நின்றது. பிள்ளைக்கென்று வந்ததைத் தகரத்தில் கொட்டலாமா என்று இருந்தது. பிள்ளை மடியில் நெருப்பாகக் கிடந்தான். எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் அதை உள்ளங்கையில் கொட்டி, தொட்டியின் அடிப்பக்கம் முழுவதும் பவுடர் போடுவதுபோல் தட்டினார். காத்திருந்தோம். தொட்டி உட்காரும் மரக்கட்டைக்கு நேர்மேலே, இரண்டு தகரம் சேரும் பற்று ஓரத்தில், நனைந்த நூல் ஒட்டியதுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. இஞ்சின் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து, கட்டையில் உரசி, ஈயப்பற்று விட்டிருந்தது.

ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். அதற்குக் கம்பத்துக்குத்தான் போக வேண்டும். பற்றுவதற்கு நெருப்பு வேண்டும், பெட்ரோல் இருந்த தொட்டிக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது. அப்போது ஆசாரி தன் சாமான் பெட்டியைத் திறந்து, இலையில் சுற்றிய ஓர் உருண்டையை எடுத்தார். எண்ணெயில் காய்ச்சிப் பிசைந்த குங்கிலியப் பிசின்.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் யாரும் அந்த உருண்டையைச் சந்தேகப்பட மாட்டார்கள். தொட்டி கீறினால் குங்கிலியம், சால் ஒழுகினால் குங்கிலியம், படகுப் பலகை விட்டுப்போனால் குங்கிலியம். என் அப்பா தோட்டத்து நீர்த்தொட்டியை அப்படித்தான் அடைப்பார். நான் படித்தவள், என் கணவர் இஞ்சின் தெரிந்தவர், ஆசாரி மரம் தெரிந்தவர். மூன்று பேருக்கும் ஒரே எண்ணம்தான்.

"இந்த வள்ளத்துக்குள்ள தண்ணிய விடாம வச்சிருக்கறதே இந்தச் சரக்குதான்" என்று சொல்லிக்கொண்டே ஆசாரி அதைப் பற்றின்மேல் அழுத்தித் தேய்த்தார். "பெட்ரோல் என்ன, தண்ணிய விடப் பெரிய மனுசனா?"

கசிவு நின்றது. மறுபடி திருநீறு தூவினார்கள். வெள்ளையாகவே இருந்தது. அடியில் தேங்கியதை இறைத்து ஊற்றிவிட்டு, நாற்றம் அடங்கியதும் படகை எடுத்தார் என் கணவர். நான் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அக்கரை மட்டும் வந்தால் போதும் என்று இருந்தேன்.

அந்த ஏரியில் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் தண்ணீருக்குமேல் மொட்டையாக நிற்கின்றன. படகு அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். பாதி தூரம் போயிருப்போம். இஞ்சின் இருமியது. மறுபடி ஓடியது. மறுபடி இருமி, நின்றுவிட்டது. இஞ்சின் சத்தம் போனதும் பிள்ளை மூச்சு விடும் சத்தம் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேகமாக, மேலாக, நாய்க்குட்டி இரைப்பதுபோல் இருந்தது.

பெட்ரோல் தீர்ந்ததோ என்று என் கணவர் தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். இருந்தது. செம்புக் குழாயைக் கழற்றினார். ஓட வேண்டிய பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத் தேநீர் நிறத்தில் வந்தது. விரலில் தொட்டு, இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தார். பிசின்போல் ஒட்டியது. விரலை ஆசாரியிடம் நீட்டினார்.

ஆசாரி முகர்ந்தார். "நம்ம சரக்குதான்" என்றார் மெதுவாக. "கரைஞ்சிருச்சா?"

கரைந்திருந்தது. பற்று விட்ட இடுக்கு வழியே உள்ளே அழுந்திய குங்கிலியம் பெட்ரோலில் இளகி, குழாயில் போய், கார்புரேட்டரை அடைத்திருந்தது. வெளியே பூசியதும் குழைந்து வழிந்து, தொட்டி முன்னைவிட மோசமாக ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தடுத்த பொருள் பெட்ரோலையும் தடுக்கும் என்று நாங்கள் நினைத்ததுதான் பிசகு.

ஆசாரி கழியை எடுத்து, மொட்டை மரங்களைத் தள்ளித் தள்ளிப் படகைக் கரை ஓரமாகக் கொண்டுவந்தார். கரையில் ஆள் உயரப் புல். அதற்குமேல் காடு.

"தாயி, பிள்ளைய எங்கிட்டக் குடு" என்றார். "ஓரமாவே நடந்தா உச்சி சாயறதுக்குள்ள தேக்கடி போயிரலாம்."

"நேத்து இங்கன ஆனை நின்னுச்சு" என்றார் என் கணவர். "கொம்பன் ஒண்ணு தனியாத் திரியிறதா கூலிக்காரக சொன்னாக."

"சரி, இங்கனயே உக்காந்து என்ன செய்ய? இஞ்சினுக்குத் தாலாட்டுப் பாடவா?"

"எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க ஆசாரி. ஓட்டிருவேன்."

"எவ்வளவு நேரம்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் உப்பு எவ்வளவு போடுவது என்றுகூட நான் இரண்டு தடவை யோசிப்பவள். நடந்தால் யானை. யானை இல்லாவிட்டாலும் வெயில், வெயிலில் பிள்ளைக்குக் காய்ச்சல் இன்னும் ஏறும். உட்கார்ந்தால் ஓடுமா ஓடாதா என்று தெரியாத இஞ்சின். அந்த நேரத்தில் பிள்ளையின் இடது கை வெட்டி இழுத்தது. பிறகு வாய் ஒரு பக்கம் கோணியது. நான் அவனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நடந்தது அதுதான்.

இழுப்பு நின்றதும், கக்கிய துணியை மாற்ற மாற்றுத்துணி தேடிப் பைக்குள் கை விட்டேன். கையில் துணி துவைக்கும் சவுக்காரக் கட்டி அகப்பட்டது. அதைப் பிடித்தபடியே இருந்தேன். விடுதியில் ஒரு முறை ஒரு பெண்ணின் பட்டுச் சேலையில் தேங்காயெண்ணெய் கொட்டிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மாள் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி அதில் முக்கி எடுத்தார். அதற்கு முன்பே அந்தப் பெண் கறையில் சவுக்காரத்தைத் தேய்த்து வைத்திருந்தாள். எண்ணெய் போய்விட்டது. சவுக்காரம் மட்டும் வெள்ளைத் துணுக்குகளாகச் சேலையில் அப்படியே ஒட்டியிருந்தது. பிறகு தண்ணீரில் அலசித்தான் போக்கினோம்.

எனக்கு நினைவு சரிதானா என்று பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒன்றை நம்பிக் கெட்டிருக்கிறோம். இன்னொன்றைச் சொல்லி அதுவும் பொய்த்தால்?

"என்னங்க, சவுக்காரம் பெட்ரோல்ல கரையாதுன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"விடுதியில பாத்தேன். ஆனா நிச்சயமாச் சொல்ல முடியல."

அவர் கோபிக்கவில்லை. ஒரு தகரக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, சவுக்காரத்தில் ஒரு சீவலும் குங்கிலிய உருண்டையில் ஒரு கிள்ளும் போட்டுக் குச்சியால் கலக்கினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். குங்கிலியம் இளகிப் பெட்ரோல் மஞ்சளாகியது. சவுக்காரம் கல்போல் அடியில் கிடந்தது.

"என் சரக்கு தோத்துப் போச்சு" என்றார் ஆசாரி. "சாரமில்ல, போகட்டும். கட்டியக் கொண்டா தாயி."

அதன்பின் அவர்கள் செய்த ஒவ்வொன்றும் எனக்கு நெடுநேரமாகத் தெரிந்தது. தொட்டியில் இருந்ததை டின்னில் இறக்கினார்கள். ஆசாரி உளி முனையால் குங்கிலியத்தைச் சுரண்டினார். பெட்ரோல் நனைத்த துணியால் பற்று பளபளக்கும் வரை என் கணவர் துடைத்தார். சவுக்காரத்தைச் சீவி, ஏரித் தண்ணீர் சில சொட்டு விட்டு, களிமண்போல் பிசைந்து, கட்டைவிரலால் இடுக்குக்குள் அழுத்தி அழுத்தி ஏற்றினார். பிள்ளையின் மாற்றுத்துணியில் ஒரு பட்டை கிழித்து, அதிலும் சவுக்காரம் பூசி மேலே ஒட்டினார். மறுபடி உரசாமல் இருக்கக் கட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே சாக்கை மடித்து வைத்துப் பட்டையை இறுக்கினார். செம்புக் குழாயை வாயால் ஊதி அடைப்பெடுத்தார். பெட்ரோல் வாயில் பட்டுத் துப்பினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, துளைகளில் துடைப்பத்து ஈர்க்கை விட்டுச் சுத்தம் செய்தார். டின்னில் இருந்த பெட்ரோலில் குங்கிலியம் கரைந்திருந்தது. அதைத் தனியே மூடி வைத்துவிட்டு, அவசரத்துக்கென்று பின் பலகைக்கடியில் வைத்திருந்த இன்னொரு டின்னை ஊற்றினார். கசியவில்லை.

"எடுங்க" என்றேன். "போதும், எடுங்க."

"நாத்தம் போகட்டும்."

"இன்னும் என்ன நாத்தம்? பிள்ளையப் பாருங்க."

"அடியில பெட்ரோல் காத்து நிக்கிது. இப்ப இஞ்சினச் சுத்தினா ஒரு பொறி போதும். எல்லாருமாப் போயிருவோம்." அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பிள்ளையைப் பார்க்கப் பயந்துதான் என் பக்கம் திரும்பவில்லை என்று பிறகு சொன்னார்.

அடியிலிருந்த தண்ணீரை ஒரு சொட்டில்லாமல் இறைத்தார்கள். பலகைகளை எல்லாம் தூக்கி நிறுத்தினார்கள். ஆசாரி தலைத்துண்டை உதறி, குனிந்து நின்று அடித்தட்டில் வீசிக்கொண்டே இருந்தார். "சாமிக்குக்கூட நான் இப்படி வீசினதில்ல" என்றார். பிள்ளைக்கு இரண்டாவது இழுப்பு அந்த நேரத்தில்தான் வந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கத்தினேன் என்று என் கணவர் சொல்கிறார்.

ஒரு வழியாக அவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு இரும்புப் பிடியைப் போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. தேக்கடி கரையில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி நின்றிருந்தது. மலைப்பாதை முழுவதும் ஆசாரி லாரிக்காரரிடம் வேகமாகப் போகச் சொல்லியும், நான் வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லியும் அந்த மனிதரை வதைத்தோம். கம்பத்தில் டாக்டர் பிள்ளையின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தார். பொழுது சாய்ந்தபோது பிள்ளைக்கு வேர்த்தது. மறுநாள் என் முகத்தைப் பார்த்தான்.

படகைத் திருப்பிக் கொண்டுபோனபோதும் சவுக்காரம் தாங்கியது. பிறகு தொட்டியைக் கம்பத்துக்குக் கொண்டுவந்து, வெந்நீரால் பல முறை அலசி, பற்று மட்டும் மேலே இருக்கும்படி தண்ணீர் நிரப்பி வைத்து ஈயம் பற்றினார்கள். நான் பிள்ளையோடு காமயகவுண்டன்பட்டியில் அம்மா வீட்டில் தங்கிவிட்டேன்.

அங்கேதான் ஒரு நாள் அடுப்படியில் பித்தளைத் தாம்பாளம் கை நழுவி விழுந்தது. வீடே அதிர்ந்தது. எனக்கு முதுகு காட்டி வாசலில் காக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகன் திரும்பவில்லை. நான் போய் அவன் காதருகே கை தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. என் நிழல் அவன்மேல் விழுந்த பிறகுதான் திரும்பிச் சிரித்தான்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காய்ச்சல் மூளைக்கு ஏறினாலும் இப்படி ஆகலாம், கொயினா ஊசியாலும் ஆகலாம் என்றார். "முன்னாடியே கொண்டாந்திருந்தா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. பிழைச்சதே பெரிசு" என்றார். அது எனக்குத் தெரியும். பிழைத்ததற்கு நான் தினமும் கும்பிடுகிறேன். ஆனாலும் அந்தக் கரை ஓரமும் அந்தப் புல்லும் கண்ணை மூடினால் வருகின்றன.

இப்போது அவனுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்த வயதில் வாய் ஓயாமல் பேசுகின்றன. இவன் பேசவில்லை. தரையில் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்புகிறான். நான் பேசும்போது என் உதட்டையே பார்க்கிறான். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்கிறார்கள் சிலர். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், பொறு என்கிறார் என் மாமியார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டணங்களில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கொஞ்சம் வளரட்டும் என்கிறார் என் கணவர். நானும் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரப் படித்தவள்தான். காது கேட்காத பிள்ளைக்குச் சொல்லித்தர எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

நானாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். அவன் கையை என் தொண்டைக்குழியில் வைத்து 'அம்மா' என்று சொல்கிறேன், பிறகு அதே கையை அவன் தொண்டையில் வைக்கிறேன். சில நாள் சத்தம் வருகிறது, சில நாள் அழுகிறான். இதைச் செய்யலாமா, அல்லது நான் அவனை வீணாக வருத்துகிறேனா? வளரும்வரை காத்திருப்பது நல்லதா? இப்படி ஒரு பிள்ளையை வளர்த்த தாய்மார்கள் இதைப் படிக்க நேர்ந்தால், எந்த வயதில் தொடங்கினீர்கள், முதல் சொல்லை எப்படி வரவைத்தீர்கள் என்று தயவுசெய்து இந்தப் பத்திரிகை மூலமாக எனக்குத் தெரிவியுங்கள். ஆறுதல் வேண்டாம். என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.